எத்தனை மடங்கு தண்ணீர்? ஜெல்லுக்குள் நடக்கும் இழுபறி

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் கல் உப்பைப் போல வெள்ளைக் குருணைகள். மிளகாய் நாற்று நடும்போது குழியில் போடுவதற்காக அவள் அப்பா வாங்கியது. ‘தன் எடையைப் போல் 400 மடங்கு நீரை உறிஞ்சும்’ என்று பையில் அச்சிட்டிருந்ததாம். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு ஊறவைத்திருக்கிறார்கள். உப்பியது; ஆனால் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகத்தான் உப்பியது.

“எங்கப்பாவ ஏமாத்திட்டாங்களா டீச்சர்?”

“அது ஹைட்ரோஜெல். நீர்விரும்பிப் பலபடியால் ஆனது, அதனால்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது” என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று மாலை யோசித்தபோதுதான் அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்று புரிந்தது. ஏன் உறிஞ்சுகிறது என்று அவள் கேட்கவில்லை. ஏன் குறைவாக உறிஞ்சியது என்று கேட்டாள். ‘நீர்விரும்பி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதன்பின் நானும் மாணவர்களும் சேர்ந்து படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன். பலபடி, அயனி, சவ்வூடு பரவல், விகிதம் என்று தனித்தனியாக நடத்தும் பல பாடங்கள் இந்த ஒரு பொருளில் ஒன்றுசேர்கின்றன.

ஸ்பாஞ்ச் வேறு, ஜெல் வேறு

ஹைட்ரோஜெல் என்றதும் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச்தான் மாணவர்களுக்கு நினைவுக்கு வருகிறது. இந்த ஒப்புமையை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது. ஸ்பாஞ்சில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் உள்ளன. அவற்றில் தண்ணீர் புகுந்து நிற்கிறது. கையால் பிழிந்தால் வெளியே வந்துவிடும். குழந்தைகளுக்குப் போடும் டயப்பரில் உப்பிய ஜெல்லை எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் சொட்டுவதில்லை. ஏனென்றால் அங்கே தண்ணீர் இருப்பது துளைகளில் அல்ல; மூலக்கூறுகளாலான வலையின் உள்ளே.

அந்த வலை எப்படி உருவாகிறது? ஒற்றைப்படிகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட பலபடிச் சங்கிலியாகின்றன. சங்கிலிகள் தனித்தனியாக இருந்தால் தண்ணீரில் போட்டதும் கரைந்து பசைபோலாகிவிடும். ஆங்காங்கே ஒரு சங்கிலியை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டதுபோல் பிணைத்துவிட்டால் கரைய வழியில்லை. விரிய மட்டுமே முடியும். இந்த முடிச்சுகளைத்தான் குறுக்கு இணைப்புகள் என்கிறோம். கரைய விரும்பியும் கரைய முடியாத பலபடிதான் ஹைட்ரோஜெல்.

கடல்பாசியில் செய்யும் இனிப்பும் ஹைட்ரோஜெல்தான். ஆனால் அதன் முடிச்சுகள் வலுவற்றவை. சூடாக்கினால் அவிழ்ந்து உருகிவிடும், ஆறினால் மறுபடி உறையும். டயப்பர் ஜெல்லின் முடிச்சுகள் சகப்பிணைப்புகள். சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகுமே தவிர ஜெல் உருகாது.

ஒரு சிறிய கணக்கு

பத்தாம் வகுப்புக்கு மேல் நடத்துபவர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.

முதலில் மென்மையான கண் வில்லை, அதாவது கான்டாக்ட் லென்ஸ். இதற்கு முதன்முதலில் பயன்பட்ட பலபடி ஹைட்ராக்சி எத்தில் மெத்தக்ரிலேட்டால் ஆனது. ஊறிய வில்லையின் எடையில் சுமார் 38 சதவீதம் தண்ணீர். மீதி 62 சதவீதம் பலபடி. ஆக, ஒரு கிராம் பலபடி பிடித்துவைக்கும் நீர் 38 வகுத்தல் 62, அதாவது சுமார் 0.61 கிராம். இந்த ஒற்றைப்படியின் மூலக்கூறு நிறை 130. ஒரு மோல் அலகு, அதாவது 130 கிராம், சுமார் 80 கிராம் நீரை வைத்திருக்கிறது. நீரின் மூலக்கூறு நிறையான 18 ஆல் வகுத்தால், சங்கிலியின் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 4 நீர் மூலக்கூறுகள்.

அடுத்து டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட். தூய நீரில் இது தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். கணக்குக்காக 300 என்று வைத்துக்கொள்வோம். சோடியம் அக்ரிலேட் அலகின் நிறை 94. ஆகவே 94 கிராமுக்கு 28,200 கிராம் நீர். 18 ஆல் வகுத்தால், ஒவ்வோர் அலகுக்கும் 1,500க்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள்!

ஒன்றில் நான்கு, இன்னொன்றில் ஆயிரத்து ஐந்நூறு. இரண்டுமே நீர்விரும்பிகள்தான். கண் வில்லையின் அலகில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. அது ஹைட்ரஜன் பிணைப்பின் மூலம் சில நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு என்ற எண்ணை அப்படி விளக்கிவிடலாம். ஆனால் ஓர் அலகு 1,500 மூலக்கூறுகளை நேரடியாகப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதைச் சுற்றி ஒட்டி நிற்க இடம் கிடைப்பது ஒரு சிலவற்றுக்கே. அப்படியானால் மற்றவை ஏன் உள்ளே இருக்கின்றன? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள்.

இழுப்பது யார், தடுப்பது யார்?

சோடியம் பாலிஅக்ரிலேட் சங்கிலியின் பெரும்பாலான அலகுகளில் ஒரு கார்பாக்சிலேட் தொகுதி தொங்குகிறது. அதன்மேல் எதிர்மின் சுமை. அதனருகே நேர்மின் சுமை கொண்ட ஒரு சோடியம் அயனி. உலர்ந்த குருணையில் இரண்டும் நெருங்கி இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் சோடியம் அயனிகள் பிரிந்து வலைக்குள் உலவத் தொடங்குகின்றன. ஆனால் வலையைவிட்டு ஓடிவிட முடியாது. ஓடினால் வலையில் எதிர்மின் சுமை மட்டும் மிஞ்சிவிடும். மின்சமநிலை அதை அனுமதிக்காது.

ஆகவே வலைக்குள் அயனிச் செறிவு மிகுதி. வெளியே உள்ள தூய நீரில் அநேகமாக இல்லை. செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு நீர் நகர்வதைச் சவ்வூடு பரவல் பாடத்தில் நடத்துகிறோம். உலர்திராட்சை தண்ணீரில் உப்புவதும் இதனால்தான். திராட்சைக்கு ஒரு சவ்வு இருக்கிறது. ஜெல்லுக்குத் தனியாகச் சவ்வு தேவையில்லை. அயனிகளை வெளியேறவிடாமல் வைத்திருக்கும் வலையே சவ்வின் வேலையைச் செய்கிறது. கூடவே, எதிர்மின் சுமைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுருண்டு கிடந்த சங்கிலிகள் நிமிர்ந்து விரிகின்றன.

இதற்கு எல்லை வைப்பவை குறுக்கு இணைப்புகள். வலை விரிய விரியச் சங்கிலிகள் இழுபட்டு, ரப்பர் பட்டைபோல் உள்நோக்கி இழுக்கின்றன. உள்ளே வரத் துடிக்கும் நீரின் அழுத்தமும் வலையின் இறுக்கமும் சமமாகும் இடத்தில் உப்புதல் நின்றுவிடும். ஜெல் எத்தனை மடங்கு நீர் பிடிக்கும் என்பது இந்த இழுபறி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இதைக் கணிதமாக எழுதியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலர் பால் ஃபுளோரி. பலபடிகள் பற்றிய பணிக்காக 1974 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

கலவையை மாற்றினால் என்ன ஆகும்?

இழுபறி புரிந்துவிட்டால், பலபடியின் கலவையில் எதை மாற்றினால் எந்தப் பக்கம் சாயும் என்பதை மாணவர்களே ஊகித்துச் சொல்வார்கள்.

முதலாவது, சங்கிலியில் தொங்கும் தொகுதிகள். மின்சுமையுள்ள தொகுதிகள் இருந்தால் உறிஞ்சும் அளவு நூற்றுக்கணக்கான மடங்குக்குப் போகும். ஹைட்ராக்சில், அமைடு போன்ற மின்சுமையற்ற தொகுதிகள் மட்டும் இருந்தால் அவ்வளவு போகாது. மெத்தில் போன்ற நீர்வெறுக்கும் பகுதிகள் கூடக்கூட இன்னும் குறையும். கண் வில்லைப் பலபடியின் முதுகெலும்பில் மெத்தில் தொகுதிகள் உள்ளன, மின்சுமை இல்லை. அது நான்கு மூலக்கூறுகளோடு நின்றுபோனதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, கலப்பு. அதே கண் வில்லைப் பலபடியைத் தயாரிக்கும்போது சிறிதளவு மெத்தக்ரிலிக் அமிலத்தையும் சேர்த்துக் கோத்தால் சங்கிலியில் ஆங்காங்கே மின்சுமை வந்துவிடும். இப்படிச் செய்த வில்லைகளில் 58 சதவீதம் நீருள்ளவை இருக்கின்றன. 38க்கும் 58க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரு கிராம் பலபடிக்கு என்று கணக்கிட்டால் 0.61 கிராம் நீர் 1.38 கிராமாகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேல். சதவீதத்தை எதன்மீது கணக்கிடுகிறோம் என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்க இது நல்ல எடுத்துக்காட்டு. 300 மடங்கு உறிஞ்சிய ஜெல்லைச் சதவீதத்தில் சொன்னால் 99.7 என்று வரும்!

மூன்றாவது, முடிச்சுகளின் எண்ணிக்கை. டயப்பர் ஜெல்லில் குறுக்கு இணைப்புக்காகச் சேர்க்கும் பொருள் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதைச் சற்றே கூட்டினாலும் வலை இறுகி உறிஞ்சும் அளவு குறையும். ஃபுளோரியின் சமன்பாட்டின்படி முடிச்சுகளை நான்கு மடங்காக்கினால் உப்பும் அளவு பாதிக்கும் கீழே இறங்கும். அதற்காக முடிச்சுகளைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. ஜெல் கொழகொழவென்றாகிவிடும்; பிணைபடாத சங்கிலிகள் கரைந்து வெளியேறும்.

அதிகம் உறிஞ்சுவதுதான் நல்ல ஜெல்லா?

டயப்பரையே எடுத்துக்கொள்வோம். குழந்தை உட்காரும்போது அதன் எடை ஜெல்லை அழுத்துகிறது. மிகவும் தளர்வான ஜெல் என்றால் குருணைகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் ஈரம் உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். அதனால் குருணையின் மேற்பரப்பில் மட்டும் கூடுதல் முடிச்சுகள் போடுகிறார்கள். உள்ளே தளர்வு, வெளியே உறுதி. கொஞ்சம் உறிஞ்சும் திறனை இழந்து, தாங்கும் திறனைப் பெறுகிறார்கள்.

கண் வில்லை முந்நூறு மடங்கு உப்பினால் கண்ணில் வைக்க முடியாது. அதற்கு வேண்டியது மாறாத வடிவமும் மென்மையும். 1960 ஆம் ஆண்டு செக் நாட்டு வேதியியலர் ஓட்டோ விக்டர்லே, திரகோஸ்லாவ் லிம் இருவரும் இத்தகைய ஜெல்கள் உடலோடு ஒத்துப்போகும் என்று நேச்சர் ஆய்விதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தம் மகன்களின் மெர்கூர் என்ற கட்டுமான விளையாட்டுத் தொகுப்பையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டுச் சமையலறையில் சுழல் அச்சு இயந்திரம் ஒன்றைச் செய்தார். மென்மையான கண் வில்லைகள் முதலில் வார்க்கப்பட்டது அதில்தான். கருவி இல்லையே என்று தயங்கும் நம் மாணவர்களுக்குச் சொல்ல ஏற்ற கதை இது.

வயலுக்கான ஜெல்லின் கதை வேறு. அதிநீர் உறிஞ்சும் பலபடிகளின் தொடக்கமே வேளாண்மையில்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகம் மக்காச்சோள ஸ்டார்ச்சில் செயற்கைப் பலபடியை ஒட்டவைத்து இத்தகைய ஒன்றை உருவாக்கியது. 1970களில் பேசப்பட்ட அந்தப் பொருளின் வழித்தோன்றல்களே பிறகு டயப்பருக்குள் வந்தன. இன்று வயலுக்கென விற்பவற்றில் பல, அக்ரிலமைடும் பொட்டாசியம் அக்ரிலேட்டும் கலந்தவை. மண்ணில் சோடியம் சேர்வது நல்லதல்ல என்பதால் பொட்டாசியம். மின்சுமையற்ற அக்ரிலமைடு பகுதி உறிஞ்சும் அளவைக் குறைத்தாலும், உப்புள்ள நீரில் ஜெல் மிகவும் சுருங்கிவிடாமல் காக்கிறது. நம் நாட்டில் புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு ‘பூசா ஹைட்ரோஜெல்’ என்ற ஒன்றை உருவாக்கியுள்ளது. எக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ வரை இடப் பரிந்துரைக்கிறார்கள். அது உறிஞ்சும் அளவு 350 மடங்கு.

இதிலும் ஒரு கணக்கு போடலாம். 5 கிலோ ஜெல், 350 மடங்கு என்றால் 1,750 லிட்டர். ஓர் எக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 0.175 லிட்டர், மழையாகச் சொன்னால் 0.175 மில்லிமீட்டர். ஒரு தூறலுக்கும் குறைவு! வயல் முழுவதையும் இது ஈரமாக வைத்திருக்காது. வேருக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாசனத்திலும் நிரம்பி, காயும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதில்தான் அதன் பயன். ‘350 மடங்கு’ என்ற பெரிய எண்ணைக் கேட்டு மலைத்துப்போகும் மாணவர், அந்த எண்ணை வயலின் பரப்பளவோடு வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வார்.

கிணற்று நீரில் என்ன நடந்தது?

இப்போது மாணவியின் கேள்விக்கு வரலாம். எங்கள் பகுதிக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். உப்பு நீரில் ஜெல்லுக்கு வெளியேயும் அயனிகள் இருக்கின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள செறிவு வேறுபாடு குறைகிறது. நீரை உள்ளே தள்ளும் அழுத்தமும் குறைகிறது. உப்பில் போட்ட மாவடு நீர்விட்டுச் சுருங்குவதும் இதே காரணத்தால்தான். தூய நீரில் பல நூறு மடங்கு உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட், நம் உடல் திரவத்துக்கு நிகரான 0.9 சதவீத உப்புநீரில் 30 முதல் 50 மடங்கோடு நின்றுவிடும்.

கடினநீரில் இன்னொரு சிக்கல். கால்சியம் அயனிக்கு இரட்டை நேர்மின் சுமை. அது இரண்டு சோடியம் அயனிகளின் இடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கார்பாக்சிலேட் தொகுதிகளை ஒருசேரப் பிடித்துக்கொள்ளும். வலையில் நாம் போடாத புதிய முடிச்சுகள் விழுந்ததுபோல் ஆகிவிடும். ஒரே செறிவில், சாதாரண உப்பைவிடக் கால்சியம் ஜெல்லை அதிகம் சுருக்கும்.

எனவே ‘400 மடங்கு’ என்ற எண் ஜெல்லுக்கு மட்டும் உரியதல்ல. எந்தக் கலவையில் செய்த ஜெல், எந்தத் தண்ணீரில் என்று இரண்டையும் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

வகுப்பறையில் செய்து பார்க்க

உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு பாடவேளையில் செய்யக்கூடிய சோதனை இது. நீர் வகைகளையும் துணிகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பயன்படுத்தாத புதிய டயப்பர் ஒன்றின் நடுப்பகுதியை வெட்டி, உள்ளே உள்ள பஞ்சைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிக் குலுக்குங்கள். குருணைகள் பையின் மூலையில் சேரும்.

2. நுண்ணிய தராசு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். சமையலறைத் தராசில் 2 கிராம் நிறுத்து, காகிதத்தில் நீளக் கோடாகப் பரப்பி, அளவுகோலால் நான்கு சம பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் சுமார் அரை கிராம்.

3. நான்கு பாத்திரங்களில் தலா 400 மில்லிலிட்டர் நீர்: பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், மழைநீர், பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீர், லிட்டருக்கு 9 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீர்.

4. ஒவ்வொன்றிலும் ஒரு பாகம் குருணையைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அதற்குள் எது அதிகம் உப்பும், ஏன் என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதட்டும்.

5. முன்பே நனைத்துப் பிழிந்து எடைபோட்ட மெல்லிய துணியில் வடிகட்டி, சொட்டு நிற்கும்வரை தொங்கவிட்டு எடைபோடுங்கள். துணியின் எடையைக் கழித்துவிடுங்கள்.

6. ஜெல்லின் எடையிலிருந்து உலர்ந்த குருணையின் எடையைக் கழித்து, உலர்ந்த எடையால் வகுத்தால் வருவது ‘எத்தனை மடங்கு’.

குருணையோடு கொஞ்சம் பஞ்சும் சேர்ந்துவிடும். துணியிலும் சிறிது நீர் தங்கும். குழுவுக்குக் குழு எண் மாறும். மாறட்டும். ஏன் மாறியது என்ற விவாதமும் அறிவியல்தான். ஆனால் எந்த நீர் முதலில், எது கடைசியில் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

முடிந்ததும், நன்றாக உப்பிய ஜெல்லில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கிளறச் சொல்லுங்கள். கெட்டியாக நின்ற ஜெல் சில நிமிடங்களில் நீர்விட்டுத் தளர்ந்துவிடும். இன்னொரு பங்கில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் கார்பாக்சிலேட்டோடு சேர்ந்து மின்சுமையை அணைத்துவிடும், ஜெல் சுருங்கும். தொங்கும் தொகுதி மாறினால் உறிஞ்சும் அளவும் மாறும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

மைதானத்தில் ஒரு ஜெல்

கருவி எதுவும் இல்லாமலும் இதை நடத்தலாம். பத்துப் பத்து மாணவர்களாக மூன்று வரிசைகள் கைகோத்து நிற்கட்டும். அவை பலபடிச் சங்கிலிகள். வரிசைகளுக்கு நடுவே இரண்டு மூன்று இடங்களில் துண்டைக் கொடுத்து இருபுறமும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவை குறுக்கு இணைப்புகள். சங்கிலி மாணவர்கள் கழுத்தில் ‘கழித்தல்’ அட்டை. ‘கூட்டல்’ அட்டை அணிந்த சிலர் வரிசைகளுக்கு இடையே நடமாடலாம், வெளியே போகக்கூடாது. மீதிப்பேர் தண்ணீர். உள்ளே கூட்டல் அட்டைகள் அதிகமாக இருக்கும்வரை தண்ணீர் மாணவர்கள் உள்ளே வரலாம். துண்டு இறுகியதும் நிற்க வேண்டும்.

பிறகு துண்டுகளை இரட்டிப்பாக்குங்கள். இடம் குறைந்ததை அவர்களே உணர்வார்கள். அடுத்து வெளியேயும் கூட்டல், கழித்தல் அட்டைகளோடு சிலரை நிறுத்துங்கள். ‘இப்ப தண்ணி எதுக்கு உள்ள வரணும்?’ என்று கேளுங்கள். பதில் மாணவர்களிடமிருந்தே வரும்.

தொடக்க வகுப்புகளுக்கு

சிறு குழந்தைகளிடம் டயப்பர் குருணைகள் வேண்டாம். சப்ஜா விதை, வெந்தயம், பாதாம் பிசின், கொண்டைக்கடலை ஆகியவற்றை ஆசிரியரே தனித்தனிக் கண்ணாடி டம்ளர்களில் முதல்நாள் மாலை ஊறவைக்கலாம். காலையில் எது பெருத்திருக்கிறது, எதைச் சுற்றிக் கண்ணாடிபோல் ஓர் உறை வந்திருக்கிறது, எது தொட்டால் வழுக்குகிறது என்று கேட்கலாம். கொண்டைக்கடலையும் பெருக்கிறது, ஆனால் வழுக்குவதில்லை. சப்ஜாவைச் சூழ்ந்த வழுவழுப்பு, தாவரம் தானே செய்துகொண்ட ஹைட்ரோஜெல். பெயர் சொல்ல வேண்டியதில்லை. உற்றுப்பார்க்கவும் ஒப்பிடவும் பழகினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

உலர்ந்த குருணைத் தூள் மூக்கிலும் கண்ணிலும் படக்கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். உப்பிய ஜெல்லைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கடைகளிலும் திருவிழாக்களிலும் வண்ண வண்ணமாக விற்கும் நீர் உருண்டைகளும் இதே வகைப் பலபடிகள்தான். உலர்ந்த நிலையில் கடுகளவு இருக்கும். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் விழுங்கிவிடுவதுண்டு. உள்ளே போய் உப்பிக் குடலை அடைத்துவிடலாம். காதிலோ மூக்கிலோ போனாலும் ஆபத்து. எக்ஸ்ரே படத்தில் எளிதில் தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். தொடக்கப் பள்ளியில் இவற்றைக் கற்றல் கருவியாகப் பயன்படுத்த வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன விழுங்கியது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்தப் பொட்டலம்

எங்கள் வகுப்பில் சோதனை செய்த நாளில், மாணவி அப்பாவின் குருணையையும் இரண்டு பாத்திரங்களில் போட்டோம். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றொன்றில் அவள் பாட்டிலில் கொண்டுவந்த கிணற்று நீர். எடைபோடத் தேவையே இருக்கவில்லை. பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் அவள் பையையே எடுத்துவந்தாள். பெரிய எழுத்தில் இருந்த 400க்குக் கீழே, பொடி எழுத்தில், ‘காய்ச்சி வடித்த நீரில்’ என்று இருந்தது.

“ஏமாத்தலன்னு சொல்லலாமா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றைய பாடவேளையில் மீதி நேரம் முழுக்க அந்த விவாதத்திலேயே போனது.

இப்போது அவள் அப்பா கடைக்காரரிடம் ‘எத்தனை மடங்கு’ என்று கேட்பதில்லையாம். ஒரு சிட்டிகை வாங்கிவந்து, தன் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, மகளை எடைபோடச் சொல்கிறாராம். உங்கள் ஊர்த் தண்ணீரிலும் ஒருமுறை செய்து பாருங்கள். அளந்த எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள். எந்தத் தண்ணீர் என்பதையும் மறக்காமல் பக்கத்தில் எழுதுங்கள்.